பாஷா பாயின் வலது கால்

கவிதாவுக்கும் பிரபுவுக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனில் பேசினீர்கள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் புதிதாக எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரை கிட்னிக்குக் கெடுதி என்று பிரபு எங்கோ படித்துவிட்டு, "இன்னைக்கே நிறுத்திடுங்கப்பா" என்றான். "டாக்டர் படிச்சாரா, நீ படிச்சியா? எழுதிக் குடுத்தா கண்ணை மூடிக்கினு முழுங்கணும்" என்றாள் கவிதா. "கண்ணை மூடினா எந்த மாத்திரைன்னு தெரியாதுக்கா" என்றான் அவன். கடைசியில் உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "முதல்ல அவரு சாப்பிட்டாரான்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்று போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

நான் மாத்திரையை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் இல்லை. பிரபு அனுப்பியதை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு, வேங்கிக்காலில் நான் இப்போது காட்டும் டாக்டரிடம் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். கிட்னி நன்றாக இருந்தது. மாத்திரை தொடர்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. இதைச் சொன்னதும் பிரபு, "அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றான். கவிதாவும் அதையேதான் சொன்னாள். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பத்தாவது படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்ததைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தாவது முடித்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்தேன். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் டாக்டர் அப்போதுதான் கிளினிக் திறந்திருந்தார். முதல் இரண்டு வருடம் தரை துடைத்தேன், ஊசியைக் கொதிக்க வைத்தேன், பஞ்சு உருட்டினேன், கட்டுத் துணி வெட்டினேன். மூன்றாவது வருடம் காயம் கழுவ விட்டார். அதற்குப் பிறகு அவர் வயதாகிக் கிளினிக்கை மூடும் வரை அதே சந்து, அதே ஸ்டூல். மொத்தம் முப்பத்துமூன்று வருடம். சான்றிதழ் எதுவும் என்னிடம் கிடையாது. ஊரார் கம்பவுண்டர் என்று கூப்பிட்டார்கள். டாக்டர் ஏழுமலை என்று கூப்பிட்டார்.

எங்கள் கிளினிக்குக்குக் கால்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. மற்ற ஊர்களில் திங்கட்கிழமை கூட்டம் ஜாஸ்தி என்பார்கள். எங்களுக்குப் பௌர்ணமிக்கு மறுநாள். பதினான்கு கிலோமீட்டர் செருப்பில்லாமல் மலையைச் சுற்றிய கால்கள் வரிசையாக வந்து உட்காரும். கொப்புளம், முள், கண்ணாடிச் சில்லு. நல்ல உடம்புக்காரருக்கு ஒரு கட்டு, இரண்டு நாள் ஓய்வு, அவ்வளவுதான். சர்க்கரைக்காரர் விஷயம் வேறு. அவர் "வலி உயிர் போவுது சார்" என்று சொன்னால் டாக்டர் முகம் தெளியும். "வலியே இல்ல சார்" என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

சர்க்கரையால் கால் மரத்துப் போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு குச்சி முனையில் நைலான் நரம்பு ஒட்டியிருக்கும். வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் அடியில், பாதத்து மேட்டில் என்று இடம் மாற்றி மாற்றி அந்த நரம்பால் தொட வேண்டும். நரம்பு வளையும் வரைதான் அழுத்தலாம், அதற்கு மேல் கூடாது. பட்டதும் அவர் "ஆங்" என்று சொல்ல வேண்டும். சில பேர் நான் தொடாதபோதே "ஆங், ஆங்" என்பார்கள். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம். அதனால் சும்மா கையை ஆட்டி, தொடாமலும் ஏமாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து இடம். எத்தனை இடத்தில் தெரிந்தது என்று டாக்டருக்கு ஒரு சீட்டில் முதல் வரியாக எழுதிக் கொடுப்பேன்.

அந்தச் சீட்டில் இரண்டாவது வரி ஒன்று உண்டு. "வீட்டில் போட்டது". காப்பித்தூள், விளக்கெண்ணெய், பல் விளக்கும் பேஸ்ட், எருக்கம்பால் என்று எது போட்டிருந்தாலும் நான் கேட்டு எழுத வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "நீ இன்னைக்கு ஒரு தடவை சிரிச்சா, அடுத்த தடவை அந்த ஆளு எதையும் சொல்ல மாட்டாரு. சொல்லாததுக்கு என்கிட்ட மருந்து கிடையாது." போன்கள் எல்லார் கைக்கும் வந்த பிறகு அந்த வரியிலேயே "போனில் பார்த்தது" என்பதையும் சேர்த்து எழுத ஆரம்பித்தேன்.

டாக்டர் மேல் நம்பிக்கை வைத்து வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், கவிதாவுக்காக. செங்கம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பையிலிருந்து டாக்டர் எழுதிய பழைய மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். அதை லேமினேட் பண்ணி வைத்திருந்தார்! நாலு வருடமாக அதையே மருந்துக் கடையில் காட்டி, அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். நடுவில் ஒரு நாள்கூட கிளினிக் பக்கம் வரவில்லை. சர்க்கரை எங்கேயோ ஏறிப் போயிருந்தது.

"ஏம்மா வரல?" என்றார் டாக்டர்.

"உங்க மேல அவ்ளோ நம்பிக்கை சாமி."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பார்த்தியா ஏழுமலை? என்னை நம்பறதால என்கிட்ட வர்றது இல்லையாம்." அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

பிரபுவுக்காக இன்னொன்று. ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர், நன்றாகப் படித்தவர், பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு இரண்டாம் நாள் வந்தார். மனைவியும் மச்சானும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். இரண்டு பாதமும் வெந்து, தோல் உரிந்திருந்தது. சீட்டு எழுதக் கேட்டேன். நடந்த அசதி போக வெந்நீரில் கல்லுப்பு போட்டு இருபது நிமிடம் காலை வைக்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தாராம். டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி சூடு எவ்வளவுன்னு எப்படிப் பார்த்தீங்க?"

"கால விட்டுப் பார்த்தேன் சார். சூடாவே தெரியல. அதனால இன்னும் கொஞ்சம் ஊத்துனேன்."

நரம்புச் சோதனையில் பத்து இடத்தில் ஒரு இடம்கூட அவருக்குத் தெரியவில்லை. அவர் கால் மரத்துப் போனது அவருக்கே தெரியாதபோது, வீடியோ போட்ட மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அந்த வெந்நீர் உங்கள் அம்மாவுக்கு நல்லதுதான், எனக்கும் நல்லதுதான். அவருக்கு இரண்டு விரல் போயிற்று. அவர் கட்டுக்கு வந்த மூன்று மாதமும் டாக்டர் அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனுஷன் தானே நொந்து போயிருக்கிறார், நாம் வேறு எதற்கு என்பார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பாஷா பாயை உங்களுக்குத் தெரியும். உங்கள் பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் அவர் தைத்ததுதான். வளரும் பையன் என்று பிரபுவின் பேன்ட்டில் உள்ளே நாலு விரல் மடிப்பு விட்டுத் தைப்பார். பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊரில் தையல் அவர்கள் குடும்பத்து வேலை. காலால் மிதிக்கும் மிஷின். வலது காலுக்குத்தான் மிதி அதிகம். சர்க்கரை அவருக்குப் பன்னிரண்டு வருடமாக இருந்தது.

ரம்ஜானுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்த ஒரு திங்கட்கிழமை, நொண்டாமலே நடந்து வந்தார். வலது பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் கொதித்தது. காயம் எதுவும் இல்லை. "வலிக்குதா பாய்?" என்றேன். "வலி இருந்தா வீட்ல படுத்திருக்க மாட்டேனா? ஜாக்கெட்டு பதினெட்டு பாக்கி கிடக்குது" என்றார். நரம்புச் சோதனையில் பத்துக்கு இரண்டு.

தோலுக்கு அடியில் கிருமி தொற்றியிருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தார். அப்படி ஒரு கால் வந்தால் யாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். தினமும் ஊசி எழுதினார். பாய் காலையில் வருவார், டாக்டர் காலைப் பார்ப்பார், பிறகு என் அறைக்கு அனுப்புவார். நான் ஊசி போட்டு, காலை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, கால் மணி நேரம் படுக்க வைத்து அனுப்புவேன்.

செவ்வாய்க்கிழமை அப்படிப் படுத்திருந்தபோது பார்த்தேன், பாதத்தின் சிவப்பு வெளுத்திருந்தது. ஊசி வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். பாய் எழுந்து தெருமுனை வரை போய், மறந்து வைத்துவிட்ட தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தார். கால் மறுபடி பழையபடி சிவந்திருந்தது. புதன்கிழமையும் அப்படியே, வியாழக்கிழமையும் அப்படியே. தூக்கி வைத்தால் வெளுக்கிறது, இறக்கினால் சிவக்கிறது. ஏதோ உறுத்தியது. ஆனால் டாக்டர் எழுதிவிட்டார், அதற்கு மேல் கம்பவுண்டர் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் அப்படி ஒரு சட்டம் போட்டதில்லை. நானே போட்டுக்கொண்ட சட்டம்.

வீக்கம் குறையவில்லை. "இப்படியே இருந்தா திங்கட்கிழமை கீறி, உள்ள சீழ் இருக்குதான்னு பார்க்க வேண்டி வரும்" என்று வியாழக்கிழமை டாக்டர் சொல்லி அனுப்பினார். மரத்துப் போன சர்க்கரைக் காலில் கத்தி வைத்தால் அந்தக் காயம் எத்தனை மாதத்தில் ஆறும், ஆறுமா என்பது எனக்குத் தெரியும். அப்படித் தொடங்கி முழங்கால் வரை காலை எடுத்தவர்களை நான் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பாய் தன் மகளோடு வந்தார். நஸ்ரின். வேங்கிக்காலில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அவள்தான். டாக்டர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. போன்ல ஒண்ணு பார்த்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்தால் அப்படித்தான் செய்வார், சத்தம் போட மாட்டார். "சொல்லும்மா."

"இது கிருமி இல்லாம இருக்கலாம்னு போட்டிருக்குது சார். நரம்பு மரத்துப்போன கால்ல, உள்ள எலும்பு கொஞ்சம் கொஞ்சமா நொறுங்கும்போதும் இப்படித்தான் வீங்குமாம், சிவக்குமாம், சூடா இருக்குமாம். வலி மட்டும் அவ்வளவா தெரியாதாம்."

"வேற என்னென்ன போட்டிருக்கு? எல்லாத்தையும் படி."

அவள் போனைப் பார்த்துப் படித்தாள். சுளுக்கு, வாத நீர், ரத்தக் கட்டி, தோலில் கிருமி என்று ஒரு பட்டியலே இருந்தது. "அப்புறம் விளக்கெண்ணெய் தேய்ச்சு தினமும் ஒரு மணி நேரம் நடக்கணும்னு ஒருத்தர் வீடியோ போட்டிருக்காரு சார்."

"அதைச் செஞ்சீங்களா பாய்?"

"செய்யறேன்னுதான் சொன்னேன் டாக்டர். இந்தப் பொண்ணு எண்ணெய் பாட்டிலைத் தூக்கி ஒளிச்சு வெச்சிருச்சு. எண்ணெய் மட்டுமா, என் செருப்பையும் காணோம்."

"அத்தா, சும்மா இருங்க."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இத்தனை இருக்குதே, ஏன் இந்த ஒண்ணை மட்டும் எடுத்துக்கின?"

"மத்தது நிறைய வலிக்கும்னு இருக்குது சார். கிருமின்னா காய்ச்சல் அடிக்கும்னு இருக்குது. நாலு நாளா தெர்மாமீட்டர் வெச்சு எழுதியிருக்கேன்." ஒரு நோட்டுத் தாளை மேஜைமேல் வைத்தாள். காலை, மதியம், சாயங்காலம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். காய்ச்சல் ஒரு வேளைகூட இல்லை.

டாக்டர் அந்தத் தாளைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லா எழுதியிருக்க. ஆனா வலி தெரியாத கால்ல கிருமி இருந்தாலும் வலிக்காதும்மா. சர்க்கரைக்காரருக்குக் கிருமி இருந்தும் காய்ச்சல் வராமப் போறது உண்டு. இதை வெச்சு நான் ஊசியை நிறுத்த முடியாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. அவள் சொன்னது தப்பில்லை. டாக்டர் சொன்னதும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது என் வாய்க்குள் மூன்று நாளாகக் கிடந்தது.

"சார்" என்றேன். இத்தனை வருடத்தில் அவர் நோயாளியிடம் பேசும்போது நான் குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை. "காலைத் தூக்கி வெச்சா சிவப்பு கம்மியாவுது சார். இறக்கினா திரும்ப வருது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப பார்த்த?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி சார்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து, "பாய், உள்ள வந்து படுங்க" என்றார். இரண்டு தலையணை, அதன் மேல் மடித்த கம்பளி, அதன் மேல் வலது கால். சுவரில் கடிகாரம். பத்து நிமிடம் நாங்கள் மூன்று பேரும் ஒரு பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பாய் மல்லாந்து படுத்தபடி, "இன்னா எல்லாரும் சும்மா நிக்கிறீங்க? மௌத்தான வீடு மாதிரி இருக்குது" என்றார். சாவு வீட்டை அவர் அப்படித்தான் சொல்வார். ஆறாவது நிமிடத்தில் விரல் பக்கம் வெளுக்க ஆரம்பித்தது. பத்தாவது நிமிடத்தில் பாதம் பூராவும் வெளுத்துவிட்டது. பாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மட்டத் துணி மாதிரி சாயம் போவுதே!" என்றார். காலைத் தொங்கப் போடச் சொன்னார் டாக்டர். சிவப்பு மறுபடி ஏறியது. கிருமியாக இருந்தால் தூக்கி வைத்தாலும் சிவப்பு அப்படியே இருக்கும் என்று பிறகு எனக்குச் சொன்னார்.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிறகு ஊரிலுள்ள எலும்பு டாக்டருக்குப் போன் போட்டு, எங்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "நான் கிருமின்னு நினைச்சு அஞ்சு நாள் வைத்தியம் பண்ணேன். தப்பா இருக்கலாம்னு இப்ப தோணுது. நீங்க ஒரு தடவை பாருங்க."

அந்த ஒரு பேச்சுக்காகவே அவரிடம் வேலை பார்த்தேன் என்று நான் யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஊரே மதிக்கும் டாக்டர், ஒரு தையல்காரர் முன்னாலும், அவர் மகள் முன்னாலும், தன் கம்பவுண்டர் முன்னாலும் அப்படிச் சொன்னார்.

எக்ஸ்ரேயில் பாதத்தின் நடுவில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. நஸ்ரின் கொண்டு வந்ததுதான் சரி என்று எலும்பு டாக்டரும் சொன்னார். கத்தி தேவையில்லை. முழங்காலுக்குக் கீழ் வரை மாவுக்கட்டு, அந்தக் கால் தரையில் படவே கூடாது, எலும்பு நொறுங்குவது நின்று அடங்கும் வரை மாதக் கணக்கில். நடந்துகொண்டே இருந்திருந்தால் பாதம் உருத்தெரியாமல் நொறுங்கியிருக்கும்.

நஸ்ரின் கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "இதுதான்னு உனக்கு அவ்வளவு உறுதியா தெரிஞ்சுதே, அப்புறம் ஏன் என்கிட்ட வந்த?"

"மாவுக்கட்டை நான் எப்படி சார் போடறது?" என்றாள். டாக்டர் அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏழுமலை, ஏன் சொல்லல?"

"நீங்க எழுதினப்புறம் நான் என்ன சார் சொல்றது?"

"நான் பார்க்கிறது நடந்து வந்த கால். நீ பார்க்கிறது தூக்கி வெச்ச கால். அதை நீ சொல்லலைன்னா எனக்கு யாரு சொல்லுவா?" என்றார். மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்கும் சீட்டு மாதிரியில் மூன்றாவதாக ஒரு வரி போட்டார். "ஏழுமலை பார்த்தது". என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிளினிக்கை மூடும் வரை அந்த வரியை ஒரு நாளும் நான் காலியாக விட்டதில்லை. பார்த்ததை எழுதினேன். பல தடவை அதில் ஒன்றும் இருக்காது. சில தடவை இருந்தது.

பிரபு, போனில் படிப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நஸ்ரினைப் போலக் கோடு போட்டு எழுதிக்கொண்டு போய்க் கேள். கவிதா, டாக்டரை நம்பு. நம்பிவிட்டு, உனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவரிடம் சொல். நான் மூன்று நாள் மூடி வைத்த மாதிரி வைக்காதே.

மாவுக்கட்டு சுலபமான வேலை இல்லை. வீக்கம் வடிய வடியக் கட்டு தளர்ந்துவிடும். தளர்ந்தால் உள்ளே உரசிப் புண்ணாகும், மரத்த காலில் அது தெரியாது. அதனால் முதலில் வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். வெட்டும்போதெல்லாம் கணுக்காலின் சுற்றளவை அளப்பேன். பாய் என் டேப்பை நம்ப மாட்டார். கழுத்தில் தொங்கும் தன் டேப்பைக் கொடுத்து, "இழுத்துப் புடிக்காதே, தொளதொளன்னும் வுடாதே. ம், எவ்வளவு?" என்பார். "பத்தே முக்கால் பாய்." "போன தடவை பதினொண்ணு. கால் இஞ்சு இறங்கியிருக்குது. எழுதிக்கோ." வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுத்தார், ஓரம் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்தார். கடையில் நஸ்ரின் மிஷினுக்கு மோட்டார் பொருத்தி வைத்தாள். இனிமேல் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எலும்பு அடங்கிவிட்டதா என்று பார்க்க எக்ஸ்ரே ஒன்று, இன்னொன்று சூடு. அடங்காத கால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். கட்டைப் பிரித்து, காலைக் கழுவித் துடைத்து, கால் மணி நேரம் காற்றாட விட்டு, புறங்கையை இரண்டு பாதத்தின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை கூடாது, காய்த்துப் போயிருக்கும். பதினோராவது வாரம் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது. நீ பாரு" என்றார். நான் வைத்துப் பார்த்தேன். மாற்றி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன்.

"வலது கொஞ்சம் ஜாஸ்தி சார்."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ் ஏழுமலை, ரம்ஜான் தலைக்கு மேல நிக்குது. உன் கை இப்பதான் டீ கிளாஸ் புடிச்ச கை!"

"டீ குடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சு பாய்."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மாவுக்கட்டுத் துணியை நனைக்கச் சொன்னார். இன்னும் நான்கு வாரம். அந்த நான்கு வாரமும் பாய் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டு மாற்றும்போது டேப்பை மட்டும் நீட்டுவார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவேளை என் கைதான் தப்போ, ஒரு மனுஷன் பிழைப்பை வீணாகக் கட்டிப் போட்டுவிட்டேனோ என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

பதினைந்தாவது வாரம், ரம்ஜானுக்குப் பத்து நாள் முன்னால். எக்ஸ்ரே நன்றாக வந்திருந்தது. இந்தத் தடவை டாக்டர் புது மாதிரி செய்தார். முதலில் தான் தொட்டுப் பார்த்து, தெரிந்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "நான் என்ன எழுதினேன்னு யாரும் கேக்காதீங்க. ஏழுமலை, நீ." என் புறங்கையை வைத்தேன். இடது, வலது, மறுபடி இடது. அவசரப்படவில்லை. என் தாளை எழுதிக் கவிழ்த்தேன். பிறகு நஸ்ரினைக் கூப்பிட்டார். புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்தாள். அவளும் எழுதினாள்.

மூன்று தாளையும் திருப்பினார். மூன்றிலும் ஒரே வார்த்தை: சமம்.

புதிதாக அளவெடுத்துச் செய்த மெத்துச் செருப்பை நான்தான் அவருக்கு மாட்டினேன். நஸ்ரின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாய் மெதுவாகக் கட்டிலிலிருந்து இறங்கினார். வலது கால் தரையில் பட்டது. அவர் தலையைக் குனிந்து இரண்டு பாதத்தையும் உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம். தரை பட்டதை அந்தக் கால் அவருக்குச் சொல்லவில்லை, இனிமேலும் சொல்லப் போவதில்லை.

நஸ்ரின் மெல்லக் கையை விட்டாள். நானும் விட்டேன்.

"ஏழுமலை," என்றார் பாய், காலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிக்கிறேனா?"

"நிக்கிறீங்க பாய்" என்றேன்.